வெண்ணியில் வென்றவனும் வெட்கப்பட்டவனும்

உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், கிணத்துக்கடவு ஊருக்குள் போகுமா என்று. மேம்பாலம் வந்த பிறகு சில வண்டிகள் ஊரைத் தொடாமல் மேலேயே போய்விடுகின்றன. நான் போனது ஆடி மாதம். இறங்கியதும் மேற்கேயிருந்து வந்த காற்று தோள்பையை இழுத்தது. மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கேரள வண்டிக்காரர் ஒருவர் மேல்பெட்டியில் கைவிட்டு, அடியில் கிடந்த பழத்தை எடுத்து அமுக்கிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். மேலே இருப்பதைப் பார்த்து ஏமாறுகிற ஆளில்லை.

ஊருக்கு நடுவே சின்னக் குன்று, பொன்மலை. உச்சியில் வேலாயுதசுவாமி கோயில். படியேறி நின்றால் தெற்கே ஆனைமலை, வடமேற்கே வாளையார் மலை, இரண்டுக்கும் நடுவே மேற்கு வெட்டவெளியாகக் கிடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பெரிய வாசல் அது, பாலக்காட்டுக் கணவாய். காற்று மட்டுமா அதன் வழியாக வந்தது? ரோமாபுரி வெள்ளிக்காசு வந்தது. வெள்ளலூரிலும் பொள்ளாச்சியிலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ஒரு பாறையில் 'இராசகேசரிப் பெருவழி' என்று கல்வெட்டு இருக்கிறது. சேரன், சோழன், பாண்டியன், கங்கன், போசளன், மைசூர்க்காரன், வெள்ளைக்காரன் என்று கொங்கை ஆண்டவர்களையும் ஆளப் பார்த்தவர்களையும் எண்ண விரல் போதாது. இத்தனை பேர் வந்து போன மண்ணில் நின்றுகொண்டு, படையெடுத்து வென்றவனைப் பெரியவன் என்று சொல்லலாமா என்று கேட்டுப் பார்ப்பதுதான் பொருத்தம் என்று பட்டது. அதற்கு நான் எடுத்துக்கொண்ட ஆள் கரிகாலன்.

படியில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கரிகாலனுங்களா? இந்தக் காட்டையெல்லாம் வெட்டி ஊராக்குனதே அவருதான்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க."

"சண்டை போட்டதெல்லாம்?"

"அதப் பத்தி ஒண்ணுஞ் சொன்னதில்லீங்க. காட்ட வெட்டுனாரு, கோயிலக் கட்டுனாரு. அவ்வளவுதானுங்க."

அவருடைய அப்பாரு சொன்ன கதை ஏட்டிலும் இருக்கிறது. கரிகாலன் கொங்குக் காட்டைத் திருத்திக் கோயில்களும் ஊர்களும் உண்டாக்கியதாக விரிவாகச் சொல்லும் 'சோழன் பூர்வ பட்டய'த்தை சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் பதிப்பித்தார், 1950-இல் வெளிவந்தது. பேரூர்க் கோயிலை முதலில் எடுப்பித்தவனும் கரிகாலனே என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. பட்டயம் சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. அதை வைத்து வரலாறு எழுத முடியாது. ஆனால் கொங்குக்காரர்கள் கரிகாலனிடம் எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. வாளைக் கீழே போட்டுவிட்டு மண்வெட்டியோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் விட்டுவிட்ட போர்தான் அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இன்று கோயில்வெண்ணி என்று வழங்கும் வெண்ணியில் சேரனையும் பாண்டியனையும் கரிகாலன் ஒரே களத்தில் வீழ்த்தினான். வேளிர் பதினொருவரும் அங்கே தோற்றார்கள் என்கிறது அகநானூற்றில் பரணர் பாட்டு. சேரன் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகிலும் புண் செய்தது. ஓடும்போது பட்ட காயம் அல்ல. ஆனாலும் முதுகில் புண் புண்தான். அதற்கு நாணி, வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விட்டான். செய்தி கேட்ட சான்றோர் சிலரும் அவனோடு உயிர் விட்டார்கள் என்கிறார் மாமூலனார்.

அதே வெண்ணியூரில் ஒரு பெண் இருந்தாள். குயவர் குலம். பெயர்கூட நமக்கு வரவில்லை. வெண்ணிக் குயத்தியார் என்றுதான் தெரியும். அவள் பாட்டு புறநானூற்றில் 66-ஆவது. கரிகாலனை எதிரே நிறுத்தி, அவன் முன்னோர் கடலில் காற்றை ஆண்டு கலம் செலுத்திய பெருமையைச் சொல்லி, அவன் வெற்றியையும் ஒப்புக்கொண்டுவிட்டு, கடைசியில் கேட்கிறாள்: புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, அவன் உன்னைவிட நல்லவன் இல்லையா? வென்ற ராஜாவிடம், வென்ற ஊர்க்காரி கேட்ட கேள்வி இது.

அவளைப் போர் எதிர்ப்பாளி ஆக்கிவிட வேண்டாம். போர் தப்பு என்று அவள் சொல்லவில்லை. வென்றது யார் என்பது ஒரு கணக்கு, பெரியவன் யார் என்பது வேறு கணக்கு என்கிறாள். இரண்டாவது கணக்கில் அவள் வைத்த எடைக்கல் நாணம்.

அந்தக் கல்லை வைத்து மற்றவர்களையும் நிறுத்துப் பார்க்கலாம். அலெக்சாண்டர் கி.மு. 326-இல் பியாஸ் ஆற்றங்கரையில் திரும்பினான் என்றால் நாணத்தால் அல்ல; படை மேற்கொண்டு நடக்க மறுத்தது. ஆனாலும் 'மகா' என்ற பட்டம் அவனுக்கு நிலைத்துவிட்டது. அசோகன் வேறு மாதிரி. கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் வெட்டுண்டார்கள், ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று தானே கணக்குச் சொல்லி, தானே வருந்தி, 13-ஆம் பாறைச் சாசனத்தில் வெட்டிவைத்தான். எதிரியின் வாய்க்கு வேலை வைக்காத அரசன். ஆனால் அங்கேயும் ஒரு சங்கதி. கலிங்க மண்ணிலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அந்தச் சாசனம் இல்லை. பறிகொடுத்தவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல அவனுக்கும் நா எழவில்லை போலிருக்கிறது.

கரிகாலனுக்கு வருவோம். பட்டினப்பாலை அவன் பகைவர் நாட்டைப் பாழாக்கியதையும், விழா நடந்த மன்றங்கள் வெறிச்சோடிப் போனதையும் பாராட்டாகவே சொல்கிறது. அடுத்தாற்போல் அவன் காடு திருத்தியதையும் குளம் தோண்டியதையும் சொல்கிறது. கல்லணையை அவன் பெயரில்தான் நாம் எழுதியிருக்கிறோம். நொறுக்கியவன், கட்டியவன் இரண்டுமாக அவன் இருக்கிறான். நொறுக்கியதற்கு நாணினானா? அப்படி ஒரு வரியும் எந்தப் பாட்டிலும் இல்லை.

இதையெல்லாம் பெரியவரிடம் பாதி சொன்னேன், பாதியில் அவரே நிறுத்தினார்.

"ராசான்னா, நாலு பேரு பழி சொல்லாத மாதிரி இருக்கோணுமுங்க. கலிங்கராயன் கதை தெரியுங்களா? எம்பொண்ணக் கொடுத்திருக்கறது கொடுமுடிப் பக்கம். வாய்க்காப் பாசனமுங்க. மஞ்சக் காடு."

தெரியும். ஆனாலும் அவர் வாயால் கேட்க நன்றாக இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பாண்டியருக்கு அடங்கி இந்தப் பக்கம் நிர்வாகம் பார்த்த கலிங்கராயன், பவானியாற்றில் அணை போட்டு, நொய்யல் வரைக்கும் வளைந்து வளைந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினான். சுமார் 15,000 ஏக்கர் இன்றும் அதில் பாய்கிறது. தன் காட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தான் வெட்டினான் என்று ஊர் பேசியதாம். அந்தத் தண்ணீரை நானும் தொடமாட்டேன், என் வம்சமும் தொடாது என்று சொல்லிவிட்டு, குடும்பத்தோடு ஊத்துக்குளிக்கு வந்துவிட்டான் என்பது கொங்கில் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

அந்த ஊத்துக்குளி பொள்ளாச்சியை ஒட்டித்தான் இருக்கிறது, ஜமீன் ஊத்துக்குளி. அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பொள்ளாச்சி போய், அங்கிருந்து ஆட்டோவில் போனேன். கண்ணுக்கு எட்டிய வரை தென்னை. ஒரு தோப்பின் ஓரம் நின்று பார்த்தேன்: கறுப்புக் குழாயிலிருந்து மரத்தின் பாத்தியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, ஈரம் ஒரு தாம்பாளம் அளவுக்குத்தான் படர்ந்திருந்தது. தான் வெட்டிய வாய்க்காலை விட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஒருவன் வந்து குடியேறினான் என்றால், பழிக்கு எவ்வளவு கூசியிருக்க வேண்டும்! கதையில் பாதி கற்பனையாகவே இருக்கட்டும். எழுநூறு வருஷமாக அதைச் சொல்லிவருகிற ஜனங்களின் எடைக்கல் கற்பனை இல்லை. குயத்தியார் வைத்த அதே கல்தான் அது. அவள் அரசனின் புண்ணை நிறுத்தாள். இவர்கள் தண்ணீரை நிறுக்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. கரிகாலன் வெற்றி வேந்தன், சந்தேகமில்லை. காடு திருத்தி நாடு பெருக்கியவன் என்ற பெயரும் அவனுக்குத் தகும். பெரியவன் என்ற பட்டத்தை வெண்ணிக்காகக் கொடுக்க முடியாது. அந்தக் களத்திலே அது சேரனுக்குப் போய்விட்டது, கொடுத்தவள் சோழ நாட்டுக்காரி. கரிகாலனுக்கு வேண்டுமானால் ஒரு பங்கு தரலாம். தன்னை எதிரே வைத்துக்கொண்டு எதிரியைப் புகழ்ந்த பெண்ணின் பாட்டு அவன் நாட்டில் அழியாமல் தங்கியிருக்கிறது. அதையும் அவன் கணக்கில் வரவு வைக்கலாம்.

பள்ளிப் பாடத்தில் கரிகாலன் என்றதும் கல்லணைப் படம் போடுகிறார்கள், போடட்டும். அதே பக்கத்தில் வெண்ணிக் குயத்தியார் பெயரையும் அவள் கேட்ட கேள்வியையும் போட வேண்டும். ராஜாக்களை எண்ணக் கற்றுக்கொடுத்தால் போதாது, பிள்ளைகளுக்கு நிறுக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும்.