காமிராவும் உப்பும்

“கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாயே!” என்றார்கள் வகுப்பு நண்பர்கள். போன் இருக்கும்போது தனியாக ஒரு காமிரா எதற்கு என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். கல்லூரி விழாவையும் பிறந்தநாள் கேக்கையும் எடுக்கப் போன் தாராளமாகப் போதும். வெளிச்சக் கணக்கையெல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். ஆனால் நான் எடுக்க விரும்பிய படம் ஒன்றே ஒன்று. அது என் ஆச்சியின் முகம்.

ஆச்சி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்து வருகிறாள். எங்கள் குடும்பத்துக் கல்யாணப் படங்கள் எல்லாவற்றிலும் ஓர் ஓரமாக நிற்கிறாள். வெள்ளைச் சுவருக்கும் வெள்ளை வேட்டிகளுக்கும் நடுவே அவள் முகம் மட்டும் கறுப்புத் திட்டாக விழுந்திருக்கும். கண் எது, மூக்கு எது என்று தெரியாது. “என் மூஞ்சி படத்துல விழாதுய்யா” என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். நம் கடற்கரையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-இல். அதில் மூழ்கி எழுந்தவர்களின் முகம் இன்று எத்தனை வீட்டுச் சுவர்களில் இருக்கிறது? ஆச்சியும் அப்படிப் போய்விடக் கூடாது என்று எனக்குப் பிடிவாதம். அதுவும் அவள் வேலை செய்யும் அளத்திலேயே எடுக்க வேண்டும்.

போனை நான் ஒதுக்கியதற்குக் காரணம் மெகாபிக்சல் அல்ல. உப்பளத்தில் வெயில் ஏறிவிட்டால் போனின் திரையில் ஒன்றுமே தெரியாது. நம் முகம்தான் தெரியும். கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்கும் துவாரம் உள்ள காமிராதான் அங்கே உதவும். டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில், ஒருவர் பயன்படுத்தி விற்ற கேனான் 1500டி ஒன்றை, 18-55 லென்சுடன் 22,000 ரூபாய்க்கு வாங்கினேன். 2018-இல் வந்த மாடல், 24 மெகாபிக்சல். எண்ணிக்கையில் இதைவிடப் பெரிய எண்ணைப் போன்கள் காட்டுகின்றன. ஆனால் ஒளி விழும் தகடு இதில் 22.3 மில்லிமீட்டருக்கு 14.9 மில்லிமீட்டர், போனிலோ விரல்நகத்தைவிடச் சிறிது. பாத்தி பெரிதாக இருந்தால்தானே உப்பு அதிகம் விளையும்! (1975-இல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் காமிராவில் இருந்தவை வெறும் 10,000 புள்ளிகள். ஒரு படத்தைக் காசெட்டில் பதிய 23 விநாடிகள் ஆயினவாம்.)

வாங்கும்போது என்னுடன் வந்தவர் எங்கள் தெரு ஸ்டூடியோ அண்ணாச்சி. ஊட்டியில் தயாரான ‘இந்து’ பிலிமைப் போட்டுத் தொழில் பழகியவர். லென்சைக் கழற்றி, டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கடற்கரை ஊர்க் காற்றில் லென்சின் உள்ளே சிலந்தி வலைபோல் பூஞ்சை பிடிக்குமாம். அது இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். பிறகு லென்சின் துவாரத்தைச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, அதில் தூசிப் புள்ளி இருக்கிறதா என்று தேடினார். வீட்டில் இப்போது அந்தக் காமிரா, இறுக்க மூடும் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு குடியிருக்கிறது. கடற்கரையில் லென்சைக் கழற்றுவதில்லை. திரும்பி வந்ததும் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து, வெளிப்புறத்து உப்பைத் துடைத்துவிடுகிறேன்.

முதல் பாடத்தை அண்ணாச்சி அளத்திலேயே நடத்தினார். “தானா எடுக்கட்டும், பாரு தம்பி” என்று காமிராவின் போக்கில் விட்டு உப்பு அம்பாரத்தை எடுக்கச் சொன்னார். வெள்ளை வெளேரென்ற உப்பு, சிமெண்டுக் குவியல்போல விழுந்தது. காமிராவுக்கு உப்பும் தெரியாது, கரியும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கிவிட வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. உப்பைக் காட்டினால் ‘அடேயப்பா, எவ்வளவு வெளிச்சம்!’ என்று படத்தை இருட்டாக்கும். அந்த இருட்டில், பக்கத்தில் நிற்கும் கறுத்த முகம் மறைந்தே போகும். ஆச்சியின் கல்யாணப் படங்களில் நடந்தது இதுதான் என்று அப்போது எனக்கு விளங்கியது. குற்றம் அவள் நிறத்தில் இல்லை.

“பொருளை அளக்காதே, விழுற வெளிச்சத்தை அள” என்றார் அண்ணாச்சி. அதற்கு அவர் சொன்ன வழி மிக எளிது. உள்ளங்கை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே அளவு வெளுப்பு. நடுத்தரச் சாம்பலைவிட ஒரு படி கூடுதல். எனவே வெயிலில் நீட்டிய உள்ளங்கையை அளந்து, அதற்கு மேல் ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டி, காமிராவைக் கைமுறையில் நிறுத்திவிட வேண்டும். பிறகு உப்பு வந்தாலும் முகம் வந்தாலும் அளவை மாற்றக் கூடாது.

கணக்கப்பிள்ளையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நாள் காலை ஆறரை மணிக்குப் போனேன். விடியுமுன்னே வந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். ஆச்சியிடம் கையை நீட்டச் சொன்னேன். “என்னய்யா, ஜோசியமா?” என்று சிரித்தபடி நீட்டினாள். உப்பு அரித்து வெடித்த அந்தக் கையைத்தான் அளந்தேன். சூரியன் அவள் முதுகுப் பக்கம் கடல்மேல் இருந்தது; எதிரே இருந்த அம்பாரத்து வெள்ளை, வெளிச்சத்தைத் திருப்பி அவள் முகத்தில் எறிந்தது. ஸ்டூடியோக்களில் வெள்ளைக் குடை வைத்துச் செய்யும் வேலையை உப்பு இலவசமாகச் செய்தது. எஃப் 8, விநாடியில் 250-இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 200. மூன்று படங்கள் எடுத்தேன். தலையில் கட்டிய துணியின் இழை, நெற்றிச் சுருக்கம், கண்ணின் கருமணிக்குள் சின்னதாக ஒரு வெள்ளை அம்பாரம், எல்லாம் விழுந்திருந்தன. பின்னால் தூரத்து உப்பில் ஒரு மூலை வெளுத்துவிட்டது, போகட்டும்.

அண்ணாச்சியின் ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “இது எங்கம்மா கண்ணுல்லா” என்றாள். அந்த அம்மாவின் படம் எங்கள் வீட்டில் இல்லை.

மறுநாளே படம் முந்தானையில் சுற்றப்பட்டு அளத்துக்குப் போய்விட்டது. அவளோடு உப்பு வாரும் 14 பெண்களும் தங்களுக்கு வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு பாட்டி, பேரனுக்குக் காட்டச் சிரித்தபடி ஒன்று, அடையாள அட்டைக்குச் சிரிக்காமல் ஒன்று என்று இரண்டு கேட்டாள். இதுவரை 9 பேரை எடுத்துவிட்டேன். மழை தொடங்கி அளத்தில் வேலை நின்றிருக்கிறது. மீதி 5 பேருக்கு, மழை ஓய்ந்து மறுபடி பாத்தி மிதிக்கும்போது வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.