தூண்டில் தடி தேர்ந்த கதை

மீன் பிடிப்போர் முள்ளைப் பற்றிப் பேசுவார்கள். இரையைப் பற்றிப் பேசுவார்கள். தப்பிப்போன மீனின் நீளத்தைப் பற்றியோ கேட்கவே வேண்டியதில்லை. தடியைப் பற்றி மட்டும் அதிகம் பேசக் காணோம். இரணைமடுக் கட்டிலும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் அலைகரைகளிலும் மாலை வேளைகளில் குந்தியிருப்போரைக் கேட்டால், "தடிதானே, வேலியில் முறித்தது" என்று சொல்லிவிடுவார்கள். நீர் வற்றிய காலத்தில் கரப்புக் குத்துகிறவனுக்குத் தடி தேவையில்லை. கையில் தங்கூசியைச் சுற்றி வைத்துக்கொண்டு ஈயக்குண்டைச் சுழற்றி எறிகிறவனுக்கும் தேவையில்லை. ஆயினும் தடியை ஆராய்ந்து தேர்ந்தவர் ஒருவர் எமது வீட்டிலேயே இருக்கிறார். அவர் எமது ஐயா.

ஐயாவுக்கு இப்போது வயது 78. திலாப்பியா மீன் இலங்கைக்கு வந்தது 1952ஆம் ஆண்டில். அது தமக்கு ஐந்து வயது இளையது என்று அவர் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அவர் மதித்த மீன் அதுவன்று. தாமரைக்கும் பாசிக்கும் நடுவே பதுங்கிக் கிடந்து, தவளையைக் கண்டதும் நீரைப் பிளந்துகொண்டு எழும் விராலே அவருடைய மீன்.

அக்காலத்தில் அவர் மூங்கில் வெட்டிய முறை எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவ்வாண்டு முளைத்த குருத்தைத் தொடமாட்டார். அது காயும்போது சுருங்கித் தளர்ந்துவிடும். மூன்று நான்கு வயதான, கணுக்கள் நெருங்கிய மூங்கிலாகப் பார்த்து வெட்டி, நிழலில் கிடத்தி ஆறவிட்டு, கோணலை நெருப்பணலில் காட்டி நிமிர்த்துவார். தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பது அவர் கொள்கை. அதைப் பற்றி நாம் வாதாடியதில்லை. இறுதியில் அடியைப் பிடித்து ஒரு தரம் உதறிவிட்டு, நுனியையே உற்றுப் பார்ப்பார். நுனி இரண்டொரு தடவை ஆடி அடங்கினால் அது தூண்டிலுக்கு. நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தால் அது அவரைப் பந்தலுக்கு.

பின்னர் தடி வெட்டுவதே இல்லாமற் போயிற்று. இடம்பெயர்ந்தோர் தூண்டில் தடியைத் தூக்கிக்கொண்டா ஓடினார்கள்! 2009ஆம் ஆண்டில் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறிய பின்பும், மண்டையோட்டுப் படம் எழுதிய சிவப்புப் பலகைகள் காட்டோரங்களில் நின்றன. மிதிவெடி அகற்றாத காட்டில் ஒரு தடிக்காகக் கால் வைக்க யாருக்கு மனம் வரும்? அத்துடன், அவ்வாண்டின் தொடக்கத்தில் எறிகணைச் சிதறலொன்று ஐயாவின் வலது தோளில் பாய்ந்தது. அன்றுமுதல் அந்தக் கை தோளுக்கு மேலே எழுவதில்லை. தங்கூசியைத் தலைக்கு மேலே சுழற்றி எறிவது முடியாது. பத்தடி மூங்கிலை ஏந்துவதும் முடியாது. குளத்துக்குள் இடுப்பளவு இறங்கி நின்று பிடிக்கலாமே என்றால், எமது குளங்களில் முதலை உண்டு என்பதை வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

ரொறன்ரோவில் இருக்கும் எமது மருமகன் சென்ற ஆண்டு ஊருக்கு வரப் புறப்பட்டபோது, "மாமா, அம்மப்பாவுக்கு என்ன கொண்டு வரட்டும்?" என்று தொலைபேசியில் கேட்டான். நாம் யோசிப்பதற்குள் ஐயாவே பதில் சொல்லிவிட்டார்: "தம்பி, ஒரு தூண்டில் தடி."

ரீல் பூட்டி வீசும் ஆயத்தத் தடிகள் கிளிநொச்சிப் பட்டினத்திலேயே கிடைக்கின்றன. ஆயினும் நாம் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றின் பிடி, இரு கையாலும் பற்றித் தோளுக்கு மேலாக வீசுகிறவருக்கு அளவெடுத்தது. ஐயாவோ இடக்கையால், இடுப்பளவில், பக்கவாட்டாக வீச வேண்டியவர். இந்த வகை ரீலின் கைப்பிடியை இடமோ வலமோ மாற்றிப் பூட்டலாம். ஆகவே தடி இடக்கையில் இருக்க, வலக்கையைத் தாழ வைத்தபடியே சுற்றிக்கொள்ள அவரால் முடியும். தடியை மட்டும் அவருக்கென்றே கட்ட வேண்டியிருந்தது. பிடியும் வளையமும் பூட்டாத வெறுந்தடியை மருமகன் கொண்டு வருவது, மிச்சத்தை வீட்டில் நாம் பூட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று. பிடி பிடிக்காவிட்டால் கழற்றலாம், வளையத்தை அவிழ்த்து வேறிடத்தில் கட்டலாம், ரீலையும் மாற்றலாம். வெறுந்தடியின் வளைவை மாத்திரம் பிறகு ஒருவராலும் திருத்த இயலாது. அதனாலேயே ஒரு மாத காலம் எமது வீட்டில் வேறு பேச்சு இல்லாமற் போயிற்று.

இவ்விஷயத்தில் உலகம் எங்கே நிற்கிறது என்று பார்த்தோம். மேல்நாட்டாரும் மூங்கிலில்தான் வெகுகாலம் நின்றிருக்கிறார்கள். கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய மூங்கில், அங்கே அவ்வூரின் பெயராலேயே விற்பனையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாமுவேல் பிலிப்பி முதலியோர் மூங்கிலைச் சீவி, கீற்றுகளை ஒட்டித் தடி செய்தனர். ஆறு கீற்றுத் தடி பின்னர் எங்கும் பரவியது. மூங்கிலின் நார் வெளித்தோலை அடுத்தே நெருங்கிக் கிடக்கிறது. உள்ளே போகப் போக ஐதாகிறது. கீற்றாகச் சீவினால் பலமுள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாமல்லவா? அதற்குச் சிறந்த மூங்கில் தென்சீனத்திலிருந்து போயிற்று. 1950ஆம் ஆண்டில் கொரியப் போரை ஒட்டி அமெரிக்கா சீனப் பொருள்களுக்குத் தடை விதிக்கவே அவ்வரவு நின்றது. பொருளாதாரத் தடையென்றால் என்னவென்று வன்னியாருக்கு விளக்க வேண்டியதில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலொன்றுக்கு நாம் பட்ட பாட்டை அங்கே மூங்கில் தடிக்குப் பட்டிருக்கிறார்கள்! அதற்குள் கண்ணாடி நார்த் தடி சந்தைக்கு வந்திருந்தது. கரிநார் எனப்படும் கார்பன் இழை 1960களில் இங்கிலாந்தின் பான்பரோ ஆகாயவிமான ஆராய்ச்சி நிலையத்தில் வலுவாக்கப்பட்டு, 1970களில் தூண்டில் தடியாயிற்று.

அதைச் செய்யும் விதம் எமக்குப் புட்டுக் குழலையே நினைவூட்டியது. பிசினில் தோய்ந்த கரிநார்த் துணியை அளவாக வெட்டி, அடி பருத்து நுனி சிறுத்த உருக்குக் கம்பியின் மேலே பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி, நாடாவால் சுற்றிச் சூளையில் வேகவைக்கிறார்கள். வெந்தபின் கம்பியை உருவிவிட்டால் எஞ்சுவது உள்ளே வெறுமையான குழல். மூங்கிலும் அப்படித்தானே இருக்கிறது!

விற்பனையாளர்கள் கரிநாரின் விறைப்பை இருபத்து நான்கு டன், முப்பது டன் என்று கணக்குச் சொல்கிறார்கள். எண் கூடினால் தடி இலேசாகும், விறைப்பாகும். ஆனால் கல்லில் ஓர் அடி பட்டாலும் பிறகு திடீரென்று முறியும். கண்ணாடி நாரோ கனமானது, அடி தாங்குவது, அடிவரை வளைந்து கொடுப்பது. கரிநாருக்கு இன்னுமொரு குணம்: அது மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பியின் கீழே அதை நிமிர்த்தக் கூடாது. ஐப்பசி இடி முழக்கத்தில் அதை ஏந்திக் கட்டில் நிற்கவே கூடாது. இதை ஐயாவிடம் சொன்னபோது, இடி முழங்கும்போது கட்டில் நிற்கிற விசரன் தாம் அல்லர் என்று பதில் வந்தது.

மருமகன் கடையில் மூன்று வெறுந்தடிகளைத் தெரிந்து வைத்தான். ஒன்று நுனி மட்டும் வளையும் விறைத்த கரிநார். ஒன்று மேற்பாதி வளையும் கரிநார். மற்றது முழுதும் வளையும் கண்ணாடி நார். கண்ணாடி நார்த் தடியே தகும் என்பது அவன் கருத்து. அவன் தாயாரான எமது அக்காவின் கருத்தும் அதுவே. சிறிது வீசினாலே வளைந்து, தானே இரையைக் கொண்டுபோய் எறியும். சிறிய திலாப்பியா கொத்தினாலும் கையிலே விளையாட்டுக் காட்டும். வயதானவருக்கு அது போதாதா?

மருமகன் ஒரு பரீட்சையும் செய்து காட்டினான். வில்லியம் ஹனிமன் என்ற அமெரிக்கர் வகுத்த முறையாம் அது. தடியின் அடியைப் படுக்கையாகக் கட்டி, நுனியில் ஒரு சிறு பையைத் தொங்கவிட்டு, தடியின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு நுனி தாழும்வரை அமெரிக்க ஒரு சத நாணயங்களை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். எத்தனை நாணயம் சென்றதோ அதுவே தடியின் பலம். கனடாவில் 2013ஆம் ஆண்டுமுதல் ஒரு சத நாணயத்தை வெளியிடுவதை நிறுத்திவிட்டபடியால், அவன் இருபத்தைந்து சத நாணயங்களைப் போட்டான். மூன்று தடிகளையும் தம்முள் ஒப்பிட எந்த நாணயமானாலும் போதுமல்லவா?

தொலைபேசித் திரையில் ஐயா இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "தம்பி, காசை விடு. அடியிலை பிடிச்சு ஒருக்கா உதறிக் காட்டு" என்றார். அவன் ஒவ்வொன்றாக உதறினான். கண்ணாடி நார்த் தடியின் நுனி ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டேயிருந்தது. ஐயா சிரித்தார். "இது அவரைக்கு. விரால் தாமரைக்குள்ளை தலையை விட்டால் இது இழுக்குமோ?"

அவருக்கு இனித் திலாப்பியா போதும் என்று நாமெல்லோரும் பேசித் தீர்த்திருந்தோம். அவரை ஒருவரும் கேட்கவில்லை. தொலைபேசியின் இரு முனையிலும் சிறிது நேரம் பேச்சில்லை.

விரால் கொத்தியதும் அதன் தலையைத் திருப்பி வெளியே இழுக்க வேண்டும். தண்டுகளுக்குள் சுற்றிவிட்டால் மீனுமில்லை, தங்கூசியுமில்லை. அதற்குத் தடியின் அடிப்பாகம் வளையாமல் நிற்க வேண்டும். ஆனால் விறைத்த தடியை வளையச் செய்ய வேகமான வீச்சு வேண்டும். பக்கவாட்டில் இடக்கையால் வீசுகிறவருக்கு அது எட்டாது. மேற்பாதி வீச்சுக்கு வளைந்து, கீழ்ப்பாதி மீனுக்கு நின்று பிடிக்கும் நடுத் தடிதான் இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். ஆறரை அடி நீளம், பத்து இறாத்தல் தங்கூசி, பத்துப் பதினைந்து கிராம் எடையுள்ள இறப்பர்த் தவளை என்று கணக்கு அமைந்தது. இரண்டு துண்டாகப் பிரிவது. ஆகவே விமானத்துக்கும் பரந்தன் பஸ்ஸுக்கும் சேர்த்து ஏற்றது.

தடி வந்து சேர்ந்த அன்றே ஐயா அதன் முதுகைத் தேடினார். துணியைச் சுருட்டிச் செய்வதால் குழலின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிடச் சற்று விறைப்பாக அமைந்துவிடுகிறது. அடியை நிலத்தில் ஊன்றி, நுனியை ஒரு கையால் தாழ்த்தி, நடுவை மறு உள்ளங்கையில் தாங்கி உருட்டினால், தடி தானே திரும்பி ஒரு நிலையில் நின்றுகொள்ளும். அவ்விடத்தில் பென்சிலால் கோடு கிழித்தோம். வளையங்களை அக்கோட்டை ஒட்டி நூலால் சுற்றிக் கட்டினோம். ரீலிலிருந்து தங்கூசி சுருள் சுருளாகக் கழன்று வருவதால் முதல் வளையம் பெரிதாக இருக்க வேண்டும். நுனியை நோக்கிப் போகப் போகச் சிறுத்து வரும். நூல் சுற்றியவர் எமது இல்லாள். அவர் விரல்களின் நிதானம் எமக்கு வாய்க்கவில்லை.

பிடியின் நீளத்துக்கு அளவுகோல் எடுக்கவில்லை. ஐயாவை இடக்கையை மடக்கித் தடியைப் பற்றச் சொல்லி, முழங்கை முட்டாத இடத்தில் அடையாளம் வைத்து, எஞ்சிய நான்கு விரற்கடையை அரிவாளால் அறுத்தெடுத்தோம்.