மெஷினோடு வராத பேண்ட்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தலைமுறையாக நின்ற தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்துவிட்டன. அரசு தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. மரத்துக்கு 600, அதை வெட்டி அப்புறப்படுத்த 500. அந்த ஐந்நூறை நம்பி எங்கெங்கிருந்தோ செயின்சா மெஷின்கள் வந்து இறங்கின. மெஷின் ஒன்று இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று உள்ளூர்ப் பையன்களும் கடன் வாங்கி வாங்கினார்கள். அதுவரை அரிவாளைத் தவிர வேறெதையும் பிடித்திராதவர்கள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு அறுக்கத் தொடங்கினார்கள்.

"அப்பப் பழகுன பயலுவதான் இன்னைக்கு மேஸ்திரி. அதுல ஒருத்தன் மட்டும் கொளுத்துற வெயில்லயும் கனமா ஒரு பேண்ட் மாட்டிக்கிட்டு நிப்பான். வந்து பாருங்க, எழுத ஆகும்" என்றார் பேராவூரணிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் நண்பர். புயலுக்குத் தப்பிய கிழட்டு மரங்களைக் கழித்துவிட்டு இளங்கன்று வைக்க ஆள் விட்டிருந்தார்.

நான் போனபோது மேஸ்திரி குந்தி உட்கார்ந்து, அரத்தால் செயினை ஒவ்வொரு பல்லாகத் தீட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கோணத்தில் பிடிப்பது, எத்தனை இழுப்பு என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு அது பிடிபடவில்லை, விட்டுவிடுகிறேன். என் கண் அவர் இடுப்புக்குக் கீழே இருந்தது. கறுப்புத் துணியில் ஆரஞ்சுப் பட்டை வைத்த, மெத்தை போலப் புடைத்த ஒன்று. முழு பேண்ட் அல்ல. முன்பக்கம் மட்டும் மூடி, பின்னால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வார் போட்டுக் கொக்கி மாட்டுவது. கடையில் சாப்ஸ் என்று கேட்கவேண்டும்; அவருக்கு எல்லாமே பேண்ட்தான். கூட வந்த பையன்கள் இருவரில் ஒருவன் அரை டவுசர், இன்னொருவன் கைலி.

கஜாவுக்குப் பிறகான மாதங்களில் மேஸ்திரியும் கைலிதான். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த மரங்களை நாள் முழுக்க அறுத்துக்கொண்டிருந்தவர், ஒரு சாயங்காலம் கடைசித் துண்டை அறுத்து முடித்த நொடியில் மெஷினைக் கீழே இறக்கியிருக்கிறார். ஆக்ஸிலேட்டரை விட்டாயிற்று. ஆனால் செயின் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. இடது தொடையில் இறங்கிவிட்டது. கத்தி வெட்டு கோடாக விழும். செயின் வெட்டு அப்படி விழாது. ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் சதையை அள்ளிக்கொண்டு போகும். தையல் போட இரு விளிம்பும் சேராது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே அவர் காட்டிய தழும்பு, சுண்டுவிரல் புதையும் அளவுக்குப் பள்ளமாக, ஓரம் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"மரம் எடுக்குற ஏஜென்ட் ரெண்டாயிரம் கொடுத்தாரு சார். அப்புறம் போனே எடுக்கல."

ஏன் இடது கால் என்று கேட்டேன். எழுந்து நின்று காட்டினார். வலது கை பின்பிடியில், விரல் ஆக்ஸிலேட்டரில். இடது கை முன்பிடியில். அப்படிப் பிடித்தால் இடது கால் தானாகவே ஒரு எட்டு முன்னால் வந்துவிடும். மரத்தைவிட்டு வெளியே வரும் ஐந்தாறு கிலோ மெஷின், களைத்த கையில் ஊசலாடி வந்து நிற்கும் இடம் அந்தத் தொடைதான். செயின்சா வெட்டுகளில் பெரும்பங்கு காலிலும் இடது கையிலும் விழுவது உலகம் முழுவதும் ஒன்றுபோலவே இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டபிறகு, நம் ஊரில் மரம் அறுப்பவருக்குப் பாதுகாப்பு என்றால் முதலில் மஞ்சள் ஹெல்மெட் வாங்கித் தலையில் வைத்துப் போட்டோ எடுக்கிறார்களே, அதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. ஹெல்மெட் வேண்டாம் என்று சொல்லவில்லை. தேங்காய் விழுகிற தோப்பில் அது வேண்டும்தான். கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் காணும் என்றால் கால்தான் முதலில்.

கால் ஆறியபிறகு மேஸ்திரி சிங்கப்பூர் போனார். சாலையோர மரங்களைக் கழிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. "எனக்கு மெஷின் தெரியும்னு சொன்னேன். சூப்பர்வைசர் சிரிச்சான். மெஷினக் காட்டவே இல்ல. மொதல்ல இந்தப் பேண்ட்டப் போடுன்னான்." அங்கேதான் இரண்டாவது முறை செயின் அதே தொடைக்கு வந்தது. அன்று போட்டிருந்த பேண்டை ஊருக்குக் கொண்டுவந்து சிமெண்ட் சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். பையன்களுக்குக் காட்டுவதற்காக. எனக்கும் பிரித்துக் காட்டினார்.

மேல்துணியில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அதற்குள்ளிருந்து வெள்ளை வெளேரென்று நூல் கொத்தாக வெளியே வந்து கிடந்தது, ஒவ்வொன்றும் முழ நீளத்துக்கு மேல். உள்ளே கையை விட்டுத் தடவினால் துணி துணியாகப் பல அடுக்கு. ஆனால் நெருக்கி நெய்தது இல்லை. விரலால் பிடித்து இழுத்தாலே நூல் உருவிக்கொண்டு வருகிறது. இவ்வளவு தளர்ந்த துணி எப்படி இரும்பைத் தடுக்கும்? தடுப்பதில்லை. சைக்கிள் சக்கரத்தில் சேலை முந்தானை சிக்கினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். செயின் மேல்துணியைக் கிழித்ததும் பற்கள் உள்ளே இருக்கும் நீள நூல்களை அள்ளி இழுத்துக்கொண்டு மெஷினுக்குள் ஓடும். செயினைச் சுழற்றும் பல்சக்கரத்தில் நூல் சுற்றிச் சுற்றி இறுகி, மெஷின் அடைத்து நின்றுவிடும். கண் இமைக்கும் நேரம். அந்தப் பல்சக்கரத்திலிருந்து நூலைக் குறடு வைத்துப் பிடுங்கி எடுக்க அன்று அரை நாள் ஆனது என்றார்.

செயினின் அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டுப்புழு மரத்தை இடமும் வலமுமாக மாறி மாறி மென்று தின்பதைப் பார்த்து, அதேபோல வளைந்த பற்களை இடம் வலமாக அடுக்கிச் செயின் செய்தார். இன்றைய செயின்கள் அந்த வழியில் வந்தவைதான். மரத்தைக் கொக்கி போட்டு அள்ளுகிற அந்த வளைவேதான் நூலையும் அள்ளி மாட்டிக்கொள்கிறது.

நூல் மெஷினை நிறுத்தும் இந்த வேலை புரிந்துவிட்டால் பேண்ட் வாங்குவது எளிது. மேஸ்திரி சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்தே சொல்கிறேன். துணியின் கனத்தைப் பார்த்து வாங்கக்கூடாது. செயின்சா பேண்ட் என்ற பெயரில் வெறும் தடித்த கேன்வாஸ் துணியையும் விற்கிறார்கள். முள் குத்தாது, அவ்வளவுதான். உண்மையானதில் ஒரு சின்ன முத்திரை இருக்கும். செயின்சா படமும், அது எந்த வேகம் வரை சோதிக்கப்பட்டது என்ற எண்ணும். ஐஎஸ்ஓ 11393 என்ற தரநிலைப்படி வகுப்பு 1 என்றால் நொடிக்கு 20 மீட்டர், வகுப்பு 2 என்றால் 24, வகுப்பு 3 என்றால் 28. நொடிக்கு 20 மீட்டர் என்பது மணிக்கு 72 கிலோமீட்டர். எண் கூடக் கூட அடுக்கும் கூடும், கனமும் கூடும்.

இங்கேதான் நம் வெயில் குறுக்கே வருகிறது. குளிர்நாட்டில் காலைச் சுற்றிலும் அடுக்கு வைத்த முழு பேண்டும் உண்டு. சித்திரை மாதப் பேராவூரணியில் அதைப் போட்டவன் பத்து மணிக்கே கழற்றி வரப்பில் வைத்துவிடுவான். கழற்றி வைத்த வகுப்பு 3-ஐவிடக் காலில் கிடக்கும் வகுப்பு 1 மேல் என்கிறார் மேஸ்திரி. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. பின்பக்கம் காற்று வாங்கும் முன்மறைப்பு, கீழே பூட்ஸின் மேல்பாகம் வரை இறங்குகிற நீளம், கால் திரும்பும்போது தானும் சுழலாதபடி இறுக்கமான வார்கள். வாங்கும்போது இவ்வளவு பார்த்தால் போதும்.

வாங்கியபின் கெடுப்பது இன்னும் சுலபம். லேசாகக் கிழிந்தால் வீட்டில் ஊசி நூல் எடுத்து உள்ளடுக்கு வரை இறுக்கித் தைத்துவிடுகிறார்கள். தைத்த இடத்தில் நூல் உருவி வராது. உருவி வராவிட்டால் மெஷின் நிற்காது. ஆயில் ஊறி விறைத்துப் போனாலும் அப்படித்தான். பிளீச்சிங் போட்டு வெளுத்தால் நூல் நைந்துவிடும். ஒருமுறை செயினைத் தாங்கிய பேண்ட் தன் வேலையை முடித்துவிட்டது, தூக்கிப் போடவேண்டும். பேட்டரி மெஷின்காரர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். மின்மோட்டாரின் இழுவை வேறு மாதிரி. நூல் சிக்கினால் நின்றே தீரும் என்று நம்ப முடியாது.

மற்றவை சுருக்கமாக. கண்ணுக்குக் கம்பிவலை முகமறைப்பு. கண்ணாடியில் படிவதுபோல வேர்வையில் ஆவி படியாது, ஆனால் பொடித் தூளைத் தடுக்காது. காதுக்கு மூடி. செயின்சா சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும், 100 டெசிபலை ஒரு நாளில் கால் மணி நேரத்துக்குமேல் கேட்பது காதுக்கு ஆகாது என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். "காத மூடிக்கிட்டா மரம் முறியுற சத்தம் கேக்காதுண்ணே" என்றான் கைலிப் பையன். நியாயமான பயம்தான். சிங்கப்பூரில் அதற்குக் கைச் சைகை வைத்திருந்தார்களாம். மேஸ்திரியிடம் எதையும் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன். கையுறையில் ஒரு வேடிக்கை: செயின்சா கையுறைகளில் பல வகையில் இடது கையின் புறங்கைக்கு மட்டும்தான் வெட்டுத் தடுப்பு, வலது வெறும் தோல். காரணம் தெரியாதவன் ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரனிடம் சண்டைக்குப் போவான். காலுக்குக் கம்பூட் போதாது, விரல்மேல் இரும்புக் குப்பி வைத்த பூட்ஸ் வேண்டும்.

முகத்தையும் கழுத்தையும் காப்பது உடுப்பைவிட மெஷின்தான். செயின் ஓடுகிற பார் முனையின் மேல்பாதி எதிலாவது இடித்தால் மெஷின் அறுப்பவன் முகத்தை நோக்கித் துள்ளும். முன்பிடிக்கு முன்னால் நிற்கும் தகடு மணிக்கட்டில் பட்டால் பிரேக் விழுந்து செயின் நிற்கவேண்டும். பையன்கள் பிடிக்கும் மெஷினில் அந்தத் தகட்டைத் தள்ளிப் பார்த்தேன். தூளும் ஆயிலும் அடைத்துக்கொண்டு அசையவில்லை.

அது ஆன்லைனில் வாங்கிய 58 சிசி மெஷின். ஆறாயிரமோ ஏழாயிரமோ ஆனதாம். அட்டைப்பெட்டியில் செயின் இருக்கிறது, பார் இருக்கிறது, ஸ்பேனர் இருக்கிறது. பேண்ட் இல்லை. முத்திரை போட்ட பேண்ட் வாங்கப் போனால் மெஷின் விலையையே தாண்டிவிடுகிறது. அறுக்கும் கருவி மலிந்துபோய், அதிலிருந்து காக்கும் துணி மட்டும் எட்டாத விலையிலேயே நிற்கிறது. கூலிக்காரனுக்கு விழிப்புணர்வு இல்லை என்று கருத்தரங்கில் பேசுபவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் போடட்டும். நிலம் தோப்புக்காரருடையது. வெட்டிய மரம் ஏஜென்டுடையது. சூளைக்கும் சென்ட்ரிங் வேலைக்கும் தென்னஞ்சட்டத்துக்கும் அதை அனுப்பிக் காசு பார்ப்பவர் அவர். மெஷின் மேஸ்திரியுடையது. தொடை மட்டும் பையனுடையது. இதில் முதலாளி யார் என்று கேட்டால் மூன்று பேரும் மற்ற இருவரைக் காட்டுவார்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் வரப்பு தாண்டி வந்ததில்லை. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் செத்தாலோ உறுப்பு போனாலோ உதவித்தொகை உண்டு; போகாமல் காக்க வழியில்லை. லாரி லோடுக்கு இவ்வளவு என்று பேசும் ஏஜென்ட், டீசலுக்குக் கணக்கு வைக்கிறார், கயிற்றுக்குக் கணக்கு வைக்கிறார், போகிற வழியில் கொடுக்கவேண்டியவர்களுக்கும் கணக்கு வைக்கிறார். காலுக்கு வைக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மேஸ்திரி என் நண்பரிடம் பேச்செடுத்தார். பையன்களுக்கு இரண்டு பேண்ட் வாங்கவேண்டும், மரத்துக்கு இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தால் இந்தத் தோப்பிலும் அடுத்ததிலுமாகக் காசு தேறிவிடும்.

"என்ன மேஸ்திரி, பேசுனது பேசுனதுதான? தேங்கா விக்கிற வெலைல நான் எங்க போறது? ஏஜென்டக் கேளு."

"அவருகிட்ட கேட்டேண்ணே. அறுக்குறதுக்குத்தான் காசு, உடுத்துறதுக்கு இல்லங்குறாரு."

கட்டுரைக்கு ஆகும் என்று என்னை அழைத்த நண்பர், நான் பக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, பத்து ரூபாய்க்கு இறங்கி வந்தார். பத்து ரூபாயில் ஒரு பேண்ட்தான் வரும். அரை டவுசர்க்காரனுக்கு முதலில் என்று மேஸ்திரி முடிவு செய்தார். இன்னொருவனிடம், "ஒனக்கு வர்ற வரைக்கும் மெஷினத் தொடாத. மட்ட இழு" என்றார். மட்டை இழுப்பவனுக்கு மெஷின் பிடிப்பவன் கூலியில் பாதி. பையன் ஒன்றும் சொல்லாமல் போய் மட்டையை இழுத்தான்.

பிறகு போனில் பேசியபோது நண்பர் சொன்னார். கைலிப் பையன் வேறு செட்டுக்குப் போய்விட்டானாம். அங்கே பேண்ட் கேட்பதில்லை, மெஷின் கூலி முழுசாகக் கிடைக்கிறது.