கோடையில் நம் வீட்டு நாய்

சித்திரை பிறந்துவிட்டால் நாகபுரித் தமிழ்க் குடும்பங்களில் இரண்டு பேச்சுக்களே ஓங்கி நிற்கும். ஒன்று வெயில், மற்றொன்று ஊர்ப் பயணம். பிள்ளைகளுக்கு விடுமுறை, உறவினர் வீட்டுக் கலியாணம், குலதெய்வத்துக்குப் பிரார்த்தனை ஆகிய யாவும் ஒன்றுகூடி நம்மைத் தெற்கே அழைக்கின்றன. இரண்டு மாதங்களுக்கு முன்பே டிக்கெட் பதிவு செய்கிறோம். பாலை நிறுத்தச் சொல்கிறோம். துளசிக்குத் தண்ணீர் ஊற்றவும் ஒருவரை அமர்த்துகிறோம். வாசலில் படுத்திருக்கும் நாயைப் பற்றிய யோசனை மட்டும் பெரும்பாலும் புறப்படும் நாள் காலையில்தான் எழுகிறது.

விதர்ப்பத்துக் கோடை எத்தகையது என்பதை இங்கு வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2013 மே மாதத்தில் நாகபுரியின் வெப்பம் 47.9 டிகிரி செல்சியஸ் வரை ஏறியது. அத்தகைய நாளில் நாம் கதவைச் சாத்திக்கொண்டு கூலரின் முன் அமர்ந்துவிடுகிறோம். நாய் வராந்தாவில் இருக்கிறது.

மனிதனுக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கு உள்ளங்கால்களில் மட்டுமே சிறிதளவு வியர்வை உண்டு. அது நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதே, வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கிச் சூட்டை வெளியேற்றும் வழியாகும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நமது 45 டிகிரி செல்சியஸ் வெயிலோ 113 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சமம். அந்தக் காற்றை மின்விசிறியால் உலர்ந்த நாயின் மேல் வீசுவது அனலை வீசுவதேயாகும். நாயின் வயிற்றையும் கால்களையும் நனைத்தபின் விசிறியைச் சுழலவிட்டால் அதே காற்று குளிர்ச்சி தரும். கூலர் காற்றையே குளிர்விப்பதால், அது ஓடும் அறையில் நாய்க்கும் ஓர் இடம் தருவதே மிக நன்று.

மழைக்கு முன்வரும் புழுக்க நாட்களில் இன்னும் ஜாக்கிரதை தேவை. காற்றில் ஈரம் மிகுந்தால் கூலரும் பயன்படாது. நாயின் இளைப்பும் போதிய பயன் தராது. சப்பை மூக்குடைய பக், புல்டாக் முதலிய இனங்களும், வயது முதிர்ந்தவையும், உடல் பருத்தவையும் முதலில் தளரும். நம் நாட்டு இராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்கள் குறைந்த உரோமமுடையவை. ஆயினும் அவற்றுக்கும் வெயில் வெயிலே. அடர்ந்த உரோமமுள்ள நாயை மொட்டையடிப்பது தவறு. உதிரும் அடிமயிரைச் சீவி எடுத்தால் போதும்.

அன்றாடம் செய்யத்தக்கவை சிலவே. வெளியே அழைத்துச் செல்வதைச் சூரியோதயத்துக்கு முன்பும், தரை ஆறிய பின் இரவிலும் வைத்துக்கொள்ள வேண்டும். தார்ச்சாலையில் நமது புறங்கையை ஏழெட்டு விநாடி வைத்திருக்க இயலாவிடில் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. அகன்ற மண்சட்டியில் இரண்டு இடங்களில் தண்ணீர் வைத்து அடிக்கடி மாற்றலாம். நனைத்த கோணிச்சாக்கு நல்ல படுக்கை. மோர்சாதத்தை வெயில் தாழ்ந்தபின் இடலாம். எல்லாவற்றினும் முக்கியம் சங்கிலி. காலையில் நிழலாக இருந்த இடம் நண்பகலில் வெயிலாகிவிடும். நிழல் நகரும்போது கட்டப்பட்ட நாய் உடன் நகர இயலாது.

இதை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டுக்கு முந்தைய மே மாதத்தில் நம் ரயில்வே குடியிருப்பில் ஒரு குடும்பத்தார் பத்து நாள் ஊருக்குச் சென்றனர். நாயைப் பின்கட்டில் கட்டி, வாளி நிறையத் தண்ணீர் வைத்து, காலையும் மாலையும் சோறிட ஒரு பையனை அமர்த்தியிருந்தனர். மூன்றாம் நாள் பகலில் சங்கிலி பட்டு வாளி கவிழ்ந்தது. விடுமுறை நாளாதலால் வீட்டிலிருந்த நாம், முனகல் கேட்டுச் சென்று பார்த்தோம். ஈறுகள் செக்கச் சிவந்து, எச்சில் கெட்டியாகி, எழ முயன்று விழுந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்தால் மாடித்தொட்டித் தண்ணீர் கொதித்தது. “தம்பி, அதை ஊற்றாதீர்கள், பானைத் தண்ணீரைக் கொண்டுபோங்கள்” என்று அடுத்த வீட்டு அம்மாள் இரண்டு பானைகளையும் எடுத்துக் கொடுத்தார். நிழலுக்குத் தூக்கிச் சென்று, வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறி வைத்து, ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்றோம். அங்கே பார்த்தபோதும் 107 டிகிரி இருந்தது. உள்ளுறுப்புக்கள் கெட்டுவிட்டன என்றார் அவர். மறுநாள் இறந்தது.

அக்குடும்பத்தாரின் அன்பில் குறையில்லை. தொலைபேசியில் செய்தி கேட்டபோது அவர்கள் கதறியது இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. தண்ணீர் இருந்தது, சோறும் இருந்தது. பகல் இரண்டு மணிக்கு ஒரு மனிதர் மட்டும் இல்லை.

நிற்க. இத்தகைய நிலை நேருமானால் முதலுதவி இதுவே. குளிர்ந்த தண்ணீரால் நனைத்துக் காற்று படச் செய்க. ஈரத்துண்டால் மூடி வைக்க வேண்டாம். அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். நினைவிருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். வாயைப் பிளந்து ஊற்றலாகாது. வெப்பம் 103 டிகிரிக்கு இறங்கியதும் நனைப்பதை நிறுத்துக. தேறியது போல் தோன்றினும் வைத்தியரிடம் காட்டுவது அவசியம்.

நாயை ரயிலில் உடன் கொண்டுபோகலாமா என்று அன்பர்கள் பலர் நம்மிடம் கேட்பதுண்டு. குளிர்சாதன முதல் வகுப்பில் ஓர் அறை முழுவதையும் பதிவு செய்தால் உடன் வைத்துக்கொள்ளலாம். மற்ற வகுப்புக்களில் பயணிகளுடன் அனுமதியில்லை. கார்டு வண்டியிலுள்ள நாய்க்கூண்டில்தான் செல்ல வேண்டும். வழியில் உணவும் நீரும் தருவது உடையவர் பொறுப்பு. பல்லார்ஷா முதல் விஜயவாடா வரை மே மாதப் பகலில் இரும்புக் கூண்டுக்குள் இருப்பதை நாம் ஒருவருக்கும் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஆகவே, பெரும்பாலோர் நாயை இங்கேயே விட்டுச் செல்ல நேரும். அப்போது சோறிட ஆள் தேடினால் மட்டும் போதாது; நண்பகலில் பார்க்க ஆள் தேட வேண்டும். நம்மில் சிலர் ஏப்ரலிலும் சிலர் மே மாதத்திலும் ஊர் செல்கிறோம். முன்னே செல்வோரின் நாயைப் பின்னே செல்வோரும், அவர்களுடையதை இவர்களும் தத்தம் வீட்டுக்குள் வைத்துக் காப்பதென்று பேசி வைத்துக்கொண்டால் எவருக்கும் பாரமில்லை. சங்கக் கூட்டத்திலேயே இதற்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

ஆண்டு முழுவதும் இரவில் நம் வாசலைக் காப்பது அது. டிக்கெட் பதிவு செய்ய வீட்டிலுள்ளோரை எண்ணும்போதே அதையும் ஒரு தலையாக எண்ணுவோமாக.