செம்மேட்டில் ஒரு விதைக் கணக்கு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து யாம் நால்வரும் செம்மேட்டில் இறங்கியபோது, வல்வில் ஓரியின் சிலையை நிமிர்ந்து நோக்கவும் எமக்குத் தலை நிலைகொள்ளவில்லை. சாமை, தினை, கேழ்வரகு முதலிய விதைகளை உழவர்க்குக் கடனாக அளித்து, அறுவடைக்குப்பின் திரும்பப் பெறும் சிறு விதைக்கூடம் ஒன்றின் கணக்கைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம்.

உழவர், விதை, கடன் என மூன்றே அட்டவணைகள். அவற்றைத் தரவுத்தளத்தின் மொழியாகிய எஸ்.க்யூ.எல்.லில் கேளாது, பைதான் மொழியின் பொருள்களாகவே கையாள உதவும் இடைக்கருவிக்கு ஓ.ஆர்.எம். என்று பெயர். 2005-இல் வெளிவந்த ஜாங்கோவில் அடங்கியதைக் கொள்வதா, 2006-இல் வெளிவந்த எஸ்.க்யூ.எல். ஆல்கெமியைக் கொள்வதா என எமக்குள் வழக்கு மூண்டது. ஜாங்கோ பதிவுத்திரைகளைத் தானே ஆக்கித் தருமாதலின் அதனையே கைக்கொண்டோம். எம் சோம்பலுக்கும் அதில் பங்குண்டு என்பதை மறைப்பானேன்?

நிரல் இயங்கும் கணினி மலைமேல் இருந்தது. தரவுத்தளமோ, பாதுகாப்புக் கருதிச் சமவெளியில் எம் கலாசாலையில் இருந்தது. மலையில் இணைப்பு மெலிந்தது. ஒரு வினா போய் மீள அரை நொடி ஆயிற்று. விதைப்புக்கு முந்திய ஒரு நாள், 200 கடன்களின் பட்டியலைத் திறந்தோம். பட்டியலுக்கு ஒரு வினா. பின்னர் ஒவ்வொரு வரியிலும் உழவர் பெயருக்கொன்று, விதைப் பெயருக்கொன்று. ஆக 401 வினாக்கள்! மூன்று நிமிடங்களுக்கு மேல் திரை வெறிதே நின்றது. கலாசாலை அறையில் இமைப்பொழுதில் வந்த பட்டியலே அது. நெடுந்தொலைவு நடந்துவந்து, வெறும் சாக்குப்பையுடன் காத்திருந்த முதியவர் ஒருவர், "தம்பிகளா, அந்த நோட்டைப் பாருங்களேன், பொழுது சாயுமுன் நான் ஊர் போய்ச் சேரவேண்டும்" என்றார். கூடத்தார் நோட்டைப் புரட்டி உடனே விதை அளந்தனர். யாம் தலைகுனிந்திருந்தோம்.

அன்றிரவு வழக்கு மீண்டும் எழுந்தது. ஆல்கெமியை விரும்பிய நண்பர், "ஒருமுறை எடுத்த விதையை அது அவ்வமர்வு முடியுமட்டும் நினைவில் வைத்திருக்கும், பத்து விதைகளுக்குப் பத்தே வினாக்கள்" என்றார். மெய்யே, ஆயினும் உழவர் இருநூற்றுவரும் வேறு வேறானவர், 211 வினாக்கள் எஞ்சும். நாம் கேளாத வினாவைத் தானே அனுப்பாது, பிழையென நிறுத்திவிடும் 'ரெய்ஸ்லோடு' என்னும் வசதியும் அதில் உண்டு. அதன்பால் எம் மனமும் சாய்ந்தது. ஆனால் ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்' என்பதொன்றைச் சேர்த்தவுடன் மூன்று அட்டவணைகளும் ஒரே வினாவில் இணைந்து வந்தன.

கருவியை யாம் மாற்றவில்லை. அடுத்த ஆண்டு இக்கணக்கை ஏற்கும் மாணவர் எம்மினும் இளையர்; பதிவுத்திரைகளை அவர்கள் புதிதாக ஆக்கும் தொல்லை வேண்டாமென்பதே காரணம். ஆயின், எந்தப் பக்கமேனும் ஐந்துக்கு மேல் வினா அனுப்பினால் சோதனை தோற்கும்படி செய்துவைத்தோம். நண்பர் இன்னும் முழுதும் இசையவில்லை.

அம்முதியவர் விதையைத் திருப்பித் தர வந்த நாளில் அவர் பெயர் உடனே திரையில் தோன்றிற்று. கூடத்தார் நோட்டை மேசையின் அடியில் இன்னும் வைத்திருக்கின்றனர். எடுத்துவிடும்படி யாமும் கேட்கவில்லை.