சக்கரத்தின் முனகல்

மலைச்சாலையில் ஓடும் வண்டிக்குச் செவியே முதற்காவல். எஞ்சின் பழுதுபட்டால் வண்டி நின்றுவிடும். சக்கரத்தின் பேரிங் பழுதுபட்டாலோ எங்கே போய் நிற்கும் என்று சொல்ல இயலாது. வத்தலக்குண்டுக்கும் தாண்டிக்குடிக்கும் இடையே பழைய ஜீப் ஓட்டும் என் மைத்துனர், முன்புற இடச்சக்கரத்தில் ஒரு முனகல் கேட்பதாகச் சொல்லிவந்தார். வலப்புறம் வளையும்போது அது உரக்கும். இடப்புறம் வளைந்தால் அடங்கும். வலப்புறம் திரும்புகையில் பாரம் இடச்சக்கரத்தின்மேல் சாய்வதே காரணம். காப்பி மூட்டைகளோடு பள்ளிப் பிள்ளைகளும், பேறுகாலத்துக்கு மலையிறங்கும் பெண்களும் ஏறும் வண்டி அது.

மேஸ்திரி ஜாக்கி ஏற்றி, அச்சுக்கடியில் மரக்கட்டை கொடுத்தார். சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கைவைத்து அசைத்தார். ஆடியது. கிங் பின் தேய்ந்திருந்தாலும் அப்படித்தான் ஆடும். ஆகவே என்னைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார். ஆட்டம் மறைந்தது. மிதித்த பிரேக் ஹப்பைப் பிடித்துக்கொள்வதால் பேரிங்கின் ஆட்டம் அடங்கும். கிங் பின்னின் ஆட்டம் அடங்காது. நாடி பார்ப்பதினும் இது நுட்பம் என்றே எனக்குத் தோன்றியது.

சக்கரத்தையும் ஃபிளேஞ்சையும் கழற்றி, லாக் வாஷரின் மடிந்த நாக்கை நிமிர்த்தி, இரு நட்டுகளையும் எடுத்ததும் ஹப்பும் டிரம்மும் சேர்ந்தே வந்தன. ஆயில் சீல் கிழிந்திருந்தது. ஓடைநீர் புகுந்து கிரீஸ் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியபோது சில உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது தெரிந்தது. மிகுந்த சூட்டின் தழும்பு அது.

கூம்பு உருளைகள் கொண்ட இவ்வகைப் பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றவர் ஹென்றி டிம்கன். அமெரிக்காவில் குதிரைவண்டிகள் செய்தவர். மேலிருந்து அழுத்தும் பாரத்தையும், வளைவில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் இது ஒருங்கே தாங்கும். நம் மாட்டுவண்டிகளுக்கு உருளை ஏது? வைக்கோற்கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மைதான் அச்சைக் காத்தது.

"கோனை மட்டும் மாத்துங்க மேஸ்திரி. கப்பு பளபளன்னுதானே இருக்கு?" என்றார் மைத்துனர். வண்டிக்கடனின் தவணை நாள் நெருங்கியிருந்தது.

மேஸ்திரி பதில் சொல்லவில்லை. கப்பின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓரிடத்தில் நகம் இடறியது.

"இந்தச் சொறி மேல புது ரோலர் ஓடுனா, அதையும் தின்னுரும் தம்பி. புள்ளைங்க போற வண்டி. கப்பு மாத்தாம நான் பூட்ட மாட்டேன்."

மைத்துனர் கடைக்குப் போய் வாங்கிவந்தார்.

பித்தளைக் கோலை வைத்து எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறித் தட்டிப் பழைய கப்பை வெளியேற்றினார் மேஸ்திரி. ஒரே பக்கம் அடித்தால் அது கோணிக்கொண்டு ஹப்பின் உட்சுவரைக் கீறிவிடும். புதியது முழுவதும் அமர்ந்ததும் சுத்தியலின் ஓசை மாறியது, கையை நிறுத்தினார். பின், உள்ளங்கையில் கிரீஸை அள்ளி, பேரிங்கின் விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, உருளைகளின் மறுபுறம் கிரீஸ் பிதுங்கும்வரை ஏற்றினார். விரலால் மேலே பூசிவிட்டுப் பூட்டுவோரும் உண்டு. அது ஊருக்காகச் செய்கிற வேலை.

நட்டை முறுக்குவதில்தான் எனக்கு வியப்பு. இறுக்கமே பாதுகாப்பு என்று நினைப்போம். அவரோ சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே, அது தயங்கும்வரை இறுக்கி, பிறகு ஒரு சுற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தளர்த்தினார். இரும்பு சூடேறினால் விரியும். இடமில்லையேல் பேரிங் கருகும். மிகத் தளர்ந்தாலோ உருளைகள் கப்பை மோதித் தேய்க்கும். வாஷரை மாட்டி, வெளிநட்டை இறுக்கி, நாக்கை மடித்தபின் மீண்டும் சுழற்றிக் காதுகொடுத்தார்.

அடிவாரம்வரை ஓட்டித் திரும்பியதும் ஹப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். இளஞ்சூடுதான். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை அசைத்துப் பார்க்க வரும்படி சொன்னார். மைத்துனர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, வலச்சக்கரத்தை எப்போது திறக்கலாம் என்று கேட்டார்.