மோதலுக்கு முந்தைய நொடிகள்

எங்கள் சிவகாசிப் பக்கம் பயர் ஆபீஸ் எனப்படும் பட்டாசு ஆலையில் திரி சீராக எரிகிறதா என்று பார்ப்பார்கள். கொளுத்தியவர் விலகி நிற்க அவகாசம் தருவது அதுதான். விருதுநகர் மாவட்டத்தில் வளர்ந்த எனக்கு, மோதப்போகும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் அனுப்பும் ஈர்ப்பலையும் ஒரு திரிதான். இந்தத் திரி மட்டும் போகப்போக வேகம் பிடிக்கும். இரண்டும் சூரியனைப்போல் 1.4 மடங்கு நிறையுள்ளவை என்றால், அலை 10 ஹெர்ட்ஸில் இருக்கும்போது மோதலுக்கு ஏறக்குறைய 17 நிமிடம் இருக்கும். 30 ஹெர்ட்ஸில் ஒரு நிமிடம்கூட இருக்காது. 50 ஹெர்ட்ஸில் 14 நொடி.

2017 ஆகஸ்ட் 17, நம் நேரப்படி மாலை 6:11. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் நடந்த மோதலின் அலை, ஈர்ப்பலையைப் பிடிக்கும் லைகோ கருவிகளில் சுமார் 100 நொடி ஓடியது. முடிவதற்கு ஒரு நொடி முன்பு அவற்றுள் ஒன்றான லிவிங்ஸ்டன் கருவியில் பலத்த இரைச்சல் ஒன்று குறுக்கிட்டது. வானியலாளர்களுக்கு முதல் தகவல் போகவே சுமார் 40 நிமிடம். எந்தத் திசை என்று அப்போது இயங்கிய மூன்று ஈர்ப்பலைக் கருவிகளையும் வைத்துச் சொல்ல ஐந்து மணி நேரம். தொலைநோக்கியில் ஒளி சிக்கியபோது ஏறக்குறைய 11 மணி நேரம் கடந்திருந்தது. தங்கமும் பிளாட்டினமும் உருவாகிச் சிதறிய அந்த முதல் வெளிச்சத்தைத் தொலைநோக்கியில் யாரும் பார்க்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

கணித்து வைத்த அலைவடிவங்களோடு தரவை ஒப்பிட்டுத்தான் தேடுகிறோம். முழு வடிவத்தோடு ஒப்பிட்டால் விடை மோதல் முடிந்த பிறகே வரும். ஆகவே மோதலுக்கு முன்பே எச்சரிக்க, வடிவத்தைப் பாதியிலேயே நறுக்குகிறோம். 29 ஹெர்ட்ஸில் நறுக்கியது 58 நொடி முன்பே சொல்லும். 56 ஹெர்ட்ஸில் நறுக்கியது 10 நொடி முன்பு. ஆய்வாளர் சுரபி சச்தேவும் குழுவினரும் 2020இல் விளக்கிய முறை இது. சீக்கிரம் சொன்னால் திசை தெளிவாக இராது, வானத்தில் பெரிய பரப்பைத்தான் காட்ட முடியும். பொறுத்திருந்தால் பரப்பு சுருங்கும், நேரமும் போய்விடும். நான் எப்போதும் சீக்கிரத்தின் பக்கம். மின்னணு முறையில் திசை மாறும் ரேடியோ தொலைநோக்கிகளுக்குப் பத்து நொடியும் பெரிய வரம்.

மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் அமையும் லைகோ இந்தியா கருவிக்கு மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. தொலைவில் இன்னொரு கருவி இருந்தால் திசை துல்லியமாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது உண்மை. என் ஆசை வேறு. இரைச்சல் மிகுந்த 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே லைகோ இந்தியாவுக்கு எவ்வளவு கேட்கும்? 20இலிருந்து 15 ஹெர்ட்ஸுக்கு இறங்கினாலே போதும், அருகில் நடக்கும் மோதலுக்கு இரண்டரை நிமிட அவகாசம் ஐந்தரை நிமிடமாகும்.